கைகாட்டி முன்னால் நிற்க வேண்டும்

"கிழமை முழுக்க ரோட்டில ஓடுவார். சனி ஞாயிறு வந்தா ரோட்டில்லாத இடத்தில ஓடப் போவார்."

என் நண்பனைப் பற்றி அவன் மனைவி சொல்வது இது. அவன் நீண்டதூர ட்ரக் ஓட்டுபவன். ஸ்காபரோவில் ஏறினால் வின்னிபெக்கில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவான். வந்த களைப்பு ஆறுமுன்னே அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு ஹலிபர்ட்டனுக்கு அப்பால் உள்ள காட்டுக்குப் போய்விடுவான். முன்னொரு காலத்தில் மரம் ஏற்றிய லொறிகள் போய்க் கைவிட்ட பாதைகள் அங்கே உண்டு. கல்லும் சேறும் பள்ளமும்தான். அவற்றில் வண்டியை ஏற்றி, இறக்கி, ஏரிக்கரையில் கூடாரம் அடித்து ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் வந்த வழியே திரும்ப ஏற்றி இறக்கிக்கொண்டு வருவது. அவ்வளவுதான் பொழுதுபோக்கு.

நான் போவது அவனுக்காக. எனக்கு வண்டி என்பது வேலைக்குப் போய்வருகிற ஒரு சாமான். ஆனால் ஆட்கள் கதைப்பதைக் கேட்க எனக்கு எந்தக் காடு என்றாலும் சரி. நல்ல கதை ஒன்றுக்காக அடுத்த தரிப்புவரை பஸ்ஸில் இருந்து போய் நடந்து திரும்புகிறவன் நான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் பார்க்டேலில் ஒரே அறையில் பாய் விரித்தவர்கள். அப்போதே அவன் வாகனப் பைத்தியம். வேலை இல்லாத நாட்களில் ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராமில் ஏறி, சாரதிக்குப் பின்னால் நின்று, அவர் கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்தபடி கடைசித் தரிப்புவரை போய் அதே வண்டியில் திரும்பி வருவான். எங்கே போய் வந்தாய் என்று கேட்டால், "ஓடிட்டு வாறன்" என்பான்.

இந்தக் காட்டோட்டத்தில் ஒரு முறை உண்டு. கடினமான இடம் வந்தால் ஒருவர் இறங்கி வண்டிக்கு முன்னால் போய், ஓட்டுபவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கையால்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வா, நில். ஓட்டுகிறவர் கல்லைப் பார்க்கக் கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும். தன் வண்டியின் சில்லு கல்லில் எங்கே ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாது, முன்னால் நிற்பவருக்குத் தெரியும். அப்படி நிற்பவருக்கு நாங்கள் கைகாட்டி என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு வண்டிக்கு ஒரு கைகாட்டிதான். இரண்டு பேர் கை காட்டினால் வண்டி உடையும். அவனுடைய கைகாட்டி நான். வாய் மூடி நிற்கிற என்னைப் பார்த்த ஒரே ஆள் அவன்தான் என்று என் வீட்டில் பகிடி.

போன மாரியில் அவனுக்குக் கண்ணில் வருத்தம் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வருத்தம். நேரே பார்ப்பது தெளிவாக இருக்கும். பேப்பர் வாசிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஓரம்தான் போகும். போவது போகிறவருக்கே தெரியாது. போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான் என்று டொக்டர் சொன்னார். சட்டப்படி அவர் அறிவிக்க வேண்டிய இடத்துக்கும் அறிவித்தார். லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதில் தேறினால் ட்ரக்கில் திரும்ப ஏறலாம். தேறாவிட்டால் இல்லை. ஆனி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு அதை வைத்திருந்தார்கள்.

முதல் சோதனையைப் பற்றி அவன் எனக்குச் சொன்ன விதம் இது.

"வெள்ளைச் சட்டி மாதிரி ஒண்டு மச்சான். அதுக்குள்ள முகத்தை வைக்கச் சொல்லுவினம். ஒரு கண்ணை மூடிக் கட்டுவினம். புள்ளியா வெளிச்சம் வந்தா கையில இருக்கிற பட்டனை அமத்தோணும். நானும் இருந்து இருந்து பாத்தன். அது வெளிச்சம் விடேல்ல. மெஷின் பழுது."

"மெஷின் பழுதெண்டு டொக்டருக்குச் சொன்னனியோ?"

"சொன்னன். மனிசன் சிரிக்கவும் இல்லை."

அந்தச் செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமைதான் காட்டுக்குப் போக வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். காட்டில் ஓட்டிப் பார்த்தால் தனக்குத் தெரியும் என்றான். அவன் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வழக்கமாகப் பகிடியோடு தொடங்குகிறவள், அன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணை, மறிக்காதேங்கோ. போகட்டும். போய்ப் பாக்கட்டும். இல்லாட்டி ஆயுசுக்கும் டொக்டரையும் மெஷினையும் குறை சொல்லிக்கொண்டு சோபாவில இருப்பார். நீங்கள் முன்னால நிண்டாக் காணும்."

"சரியா ஓடினால்?"

"ஓடினால் நல்லதுதானே" என்றாள். அந்தக் குரலில் நம்பிக்கை என்று ஒன்றும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை டோர்செட் பார்க்கில் அவர்களுடைய கட்டடத்துக்குக் கீழே சாமான் ஏற்றினோம். அவன், தங்கச்சி, அவர்களுடைய மகள், நான், யூனியன்வில் அண்ணை. ஐந்து பேர், இரண்டு வண்டி. தனி வண்டியாகக் காட்டுக்குப் போவதில்லை, ஒன்று புதைந்தால் மற்றது இழுக்க வேண்டும். யூனியன்வில்லில் வீடு உள்ளதால் அப்படிப் பெயர் பெற்ற யூனியன்வில் அண்ணை இரண்டாவது வண்டிக்காரர். பென்ஷன் எடுத்த பிறகு புதிதாகப் பெரிய வாகனம் ஒன்று வாங்கி, அதைச் சேறு படாமல் வைத்திருக்கப் பாடுபடுகிறவர்.

"என்ர வாகனம் தானா யோசிக்கும்" என்றார், பின்கதவு தானாக மூடுவதைப் பார்த்தபடி.

"அப்ப இண்டைக்கு நீங்கள் யோசிக்கத் தேவையில்லை அண்ணை, அதுக்கே விடுங்கோ" என்றாள் தங்கச்சி.

தயிர் டப்பாக்களில் உறைய வைத்த ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், பானை, காஸ் அடுப்பு, மிளகாய்த்தூள் தனியாக. கூடாரப் பையைத் தூக்கும்போது ஒவ்வொரு வருடமும் அவள் சொல்வதை இந்த வருடமும் சொன்னாள். "சொந்தச் செலவில அகதியாப் போற ஆக்கள் உலகத்தில நாங்கள்தான்."

மகள் சிரிக்கவில்லை. பல் டொக்டரிடம் வேலை செய்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளை. ஜீப்பின் கியர் மாற்றப் பதினாறு வயதில் தகப்பனிடம் பழகியவள். "அப்பா, யூ ஆர் நொட் அலவ்ட். தட்ஸ் இட். ஏன் எல்லாரும் நோர்மல் மாதிரிக் கதைக்கிறீங்கள்?"

"ரோட்டில மாமாதான் ஓடுறார், பிள்ளை" என்றான் அவன், என்னைக் காட்டி. "லைசென்ஸ் ரோட்டுக்குத்தான். காட்டில மரத்துக்கு லைசென்ஸ் காட்டோணுமோ?"

"மரத்தில அடிச்சா?"

"மரம் கேஸ் போடாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பொருளேற்றுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

நெடுஞ்சாலையில் நான் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு அவன் எனக்குப் பாடம் எடுத்தான். முன்னால் போகும் ட்ரக்கோடு இவ்வளவு ஒட்டாதே, அவனுக்கு நீ தெரியமாட்டாய். இந்த ஏற்றத்தில் கியரை மாற்று. "நீ ஓடுறது ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோற மாதிரிக் கிடக்கு" என்றான். சந்தோஷமாக இருந்தான். வீட்டில் இருந்த இந்த மாதங்களில் அவனை நான் அப்படிப் பார்க்கவில்லை.

தார் முடிந்து கிரவல் முடிந்து காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் நிறுத்தினோம். சேற்றில் பிடிப்பதற்காக ரயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்குவது வழக்கம். அவன் ஒவ்வொரு சில்லாகக் குந்தியிருந்து இறக்கினான். எழும்பி வந்து என் முன்னால் கையை நீட்டினான். நான் ஜீப்பின் திறப்பைக் கொடுத்தேன்.

மகள் யூனியன்வில் அண்ணையின் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். தங்கச்சி அவளோடு ஏறினாள். நான் அவனுக்குப் பக்கத்தில்.

இனி நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவன் அற்புதமாக ஓட்டினான். முதல் கல்லுப்படியில் முன்சில்லை ஏற்றிய விதத்தில் என் தேநீர்க் கோப்பை தளும்பவில்லை. சேற்றுக்குழியில் வேகத்தை விடாமல், கூட்டாமல், ஒரு கோடு போட்டதுபோல் போனான். வளைவுகளில் கிளைகள் கண்ணாடியைத் தடவின, முட்டவில்லை. பின்னால் யூனியன்வில் அண்ணையின் யோசிக்கிற வாகனம் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தது.

"பாத்தியோ" என்றான். "என்ர கண்ணில என்ன பிழை?"

அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது. மெஷின் பழுதாகவும் இருக்கலாம். டொக்டர்கள் பிழை விடுவதில்லையா. நான் மனதுக்குள் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டேன், அவள் பின்வண்டியில் இருப்பதை மறந்து. செவ்வாய்க்கிழமை இவன் தேறுவான், அடுத்த கிழமை வின்னிபெக்கிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுப்பான், பனி கொட்டுது மச்சான் என்று ஆனி மாதத்திலும் பொய் சொல்லுவான்.

பிறகுதான் பீவர் என்கிற நீர்ப்பிராணிகள் மரம் அரிந்து கட்டிய அணை வந்தது. போன வருடம் இருந்த பாதையை இப்போது தண்ணீர் மூடிக் கிடந்தது. நடுவில் செத்த மரங்கள் நின்றன. முன்னர் வந்த யாரோ பக்கத்துக் காட்டுக்குள்ளால் புதிதாக ஒரு சுற்றுப்பாதை வெட்டி, மரங்களில் செம்மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாடா எங்களுக்கு இடப்பக்கமாகப் போனது.

அவன் நேரே தண்ணீருக்குள் போனான்.

"டேய், நில். இடப்பக்கம்" என்றேன். பிரேக் போட்டான். முன்சில்லுகள் நனைந்துவிட்டன.

"எங்கால?"

"நாடா கட்டிக் கிடக்கு."

அவன் தலையை முழுதாகத் திருப்பினான், கோழி தானியம் பார்ப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு கண்டான். "ஓ, உதுவோ. உந்தச் சின்ன நாடா யாருக்குத் தெரியும்" என்றான். அது தூரத்திலிருந்தே தெரிகிற, காற்றில் ஆடுகிற நாடா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நேரமும் அவன் கண்ணால் ஓட்டவில்லை. பல வருடம் ஓடிய பாதை. எந்த வளைவுக்குப் பின் எந்தக் கல் என்று கைக்கும் காலுக்கும் தெரியும். பீவருக்கு அது தெரியாது.

பின்னே எடுத்துச் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தோம். புதுப் பாதை ஒடுக்கம். தொடக்கத்திலேயே ஆளின் இடுப்பளவு கல் ஒன்று. நான் இறங்கிக் கைகாட்டியாக முன்னால் போனேன். அதற்குள் பின்வண்டியில் இருந்தவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒரு வண்டி பின்னுக்கு எடுப்பதைக் கண்டால் சும்மா நிற்கமாட்டார்கள். கலியாண மண்டப வாசலில் ஒரு காரைத் தரிக்க விட எட்டுப் பேர் கை காட்டுகிற சனம்.

"வாங்கோ, வாங்கோ, வாங்கோ" என்றார் யூனியன்வில் அண்ணை வலப்பக்கம் நின்று. "ஸ்டியரிங்கை ஒடியுங்கோ, ஒடியுங்கோ."

"இஞ்சேருங்கோ, மரம், மரம்" என்றாள் தங்கச்சி.

"அப்பா ஸ்டொப். ஸ்டொப்."

இடப்பக்கக் கண்ணாடி மரத்தில் முட்டி நொறுங்கி, ஒரு கம்பியில் தொங்கியது. முன்சில்லு கல்லிலிருந்து வழுக்கி விழுந்தது. வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

அவன் ஜன்னலால் தலையை நீட்டினான். "கடையில மீன் வாங்க வந்த மாதிரி ஆளாளுக்குக் கத்தினா ஒருத்தன் எப்பிடி ஓடுறது? கைகாட்டி ஒராள்தானே?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். மெஷின், நாடா, இப்போது எங்கள் சத்தம். ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் இருந்தது. யூனியன்வில் அண்ணையின் வண்டியால் பட்டி கட்டிப் பின்னுக்கு இழுத்து ஜீப்பைக் கல்லிலிருந்து எடுத்தோம். பிறகு நான் மூவரையும் தூரப் போய் நிற்கச் சொன்னேன். ஒரு சொல்லும் வரக் கூடாது என்றேன். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

காடு ஓய்ந்தது. நுளம்புச் சத்தம் மட்டும். நான் கல்லுக்கு அந்தப் பக்கம் ஏறி, வண்டியின் மூக்குக்குக் கிட்ட, அவனைப் பார்த்தபடி நின்றேன். என் வலது கையை முழுதாக நீட்டினேன். அவனுக்கு அது இடப்பக்கம்.

அவன் அசையவில்லை.

நீட்டிய கையை மேலும் கீழும் ஆட்டினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது காட்டப் போகிறாய் என்று பொறுமையாகக் காத்திருக்கிற முகம். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் இன்னும் தரப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவனின் முகம், தாள் மேசையில் கிடக்கும்போது.

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே கையை உள்ளே இழுத்தேன். முழங்கையை மடித்தேன். இன்னும் இல்லை. விலாவோடு முழங்கையை ஒட்டிக் கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தபோது ஸ்டியரிங் திரும்பியது.

அப்படியே காட்டினேன். நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, விரலால் இந்தப் பக்கம், விரலால் அந்தப் பக்கம். வண்டி ஏறியது. பெரிய கல்லைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. தூரத்தில் யூனியன்வில் அண்ணை சத்தம் வராமல் கைதட்டுவது எனக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு மரத்துக்கு இடையால் வந்தால் பழைய பாதை.

அவன் பிரேக்கை மிதித்தான்.

"டேய், என்னடா உது? எப்பவும் கொக்குச் சிறகு விரிச்ச மாதிரி நிப்பாய். இண்டைக்கென்ன கோயில்ல நிக்கிற மாதிரிக் கையை நெஞ்சில வைச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

"சும்மாதான். தோள் நோகுது."

"தோளோ?"

"ஓம்."

"விரி பாப்பம்" என்றான்.

விரித்தேன். இரண்டு கையையும், எட்டுமட்டும். வேறு என்ன செய்ய.

அவன் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. காத்திருந்தான்.

"விரிச்சிட்டியோ?"

"ஓம் மச்சான்."

என்ஜினை நிறுத்தினான். நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து மற்றப் பக்கத்தில் ஏறினான். மகளைக் கூப்பிட்டான். "பிள்ளை, வந்து எடு."

அவள் ஓடி வந்து, ஏன் என்று கேட்காமல் ஏறினாள். அவள் ஓட்டிய விதம் அவனுடைய விதமேதான். சேற்றில் அதே வேகம், கல்லில் அதே பொறுமை. அதை அவன் பார்க்கவில்லை. முன்னே பார்த்தபடி இருந்தான், ஆனால் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்துக் கறியைச் சூடாக்கியபோது வெயில் இன்னும் இருந்தது. கறிவாசம் ஏரியைத் தாண்டிப் போனது. கரடி வரும் என்று யூனியன்வில் அண்ணை பயந்தார்.

"வந்தா ஒரு வாய் வைச்சுப் பாத்திட்டுத் தண்ணிக்கு ஓடும், பயப்பிடாதேங்கோ" என்றாள் தங்கச்சி. யாரும் சிரிக்கவில்லை என்றதும், "உறைப்புக் கூடிப்போச்சோ" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அண்ணை நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சென்னையில் ஒரு கண் டொக்டர் இருக்கிறார் என்றார். ஒரு எண்ணெய் இருக்கிறது, பாதத்தில் தேய்த்தால் கண்ணுக்குப் போகும் என்றார். தன் மைத்துனருக்கு முழுதாகத் தெரியாமல் இருந்து இப்போது தெரிகிறது என்றார்.

"அண்ணை, போன பஸ்ஸை மறிக்கச் சொல்லுறியள்" என்றான் அவன். கோபமில்லாமல் சொன்னான். தட்டில் கறி அப்படியே இருந்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தச் செத்த வீட்டிலும் இரண்டு சொல் சொல்லி ஆட்களைத் தேநீர் குடிக்க வைக்கிறவன் நான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சொல், "இடியப்பம் போடட்டோ?" என்பது மட்டும்தான். அவன் வேண்டாம் என்றான்.

அடுத்த நாள் காலை, திரும்பும் வழியில், அதே சுற்றுப்பாதை. மகள் ஓட்டினாள். பெரிய கல்லுக்குக் கிட்ட வந்ததும் அவன் கதவைத் திறந்தான்.

"நான் கை காட்டுறன்."

நான் இறங்கப் போனவன் நின்றுவிட்டேன். மகள் சரியென்றாள். "ஓகே அப்பா. மெதுவாக் காட்டுங்கோ."

அவன் முன்னால் போய் நின்றான். தடுமாறாமல் போனான், நிற்கும் விதமும் சரி. கைகளை விரித்தான். எங்கே விரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்தானே. வா என்றான். வந்தாள். அவன் ஒரு சில்லைத்தான் பார்த்தான். அதை மிகச் சரியாகக் கொண்டுவந்து கல்லின் தோளில் வைத்தான். மற்றச் சில்லு பள்ளத்தின் விளிம்பில் வந்தது எனக்குத் தெரிந்தது. பின்னால் நின்ற அண்ணைக்கும் தெரிந்திருக்கும். மகளுக்குக் கட்டாயம் தெரிந்தது, அவள் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு அவன் கையைப் பார்த்தாள். வா என்று கை சொன்னது. அவள் வந்தாள்.

வண்டி சரிந்து, கதவின் அடிப்பக்கம் கல்லில் நீளமாகக் கிழிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் பின்னுக்கு எடுத்து, தானே கோணத்தை மாற்றி, ஒருவர் கையையும் பார்க்காமல் ஏறி வந்து நிறுத்தினாள்.

"தாங்ஸ் அப்பா" என்றாள்.

"தாங்ஸ் என்னத்துக்கு?"

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. அவன் கிட்ட வந்து கிழிந்த இடத்தை விரலால் தடவி, எவ்வளவு நீளம் என்று பார்த்தான். "நீயேன் வந்தனி? உனக்குத் தெரிஞ்சதுதானே" என்று கேட்டான். அவள் எட்டி அவனுக்காக மற்றக் கதவைத் திறந்துவிட்டாள்.

தார் ரோட்டின் கரையில் நின்று ரயர்களுக்குக் காற்று அடித்தோம். அப்போதுதான் அவன் சொன்னான், செவ்வாய்க்கிழமைச் சோதனைக்குப் போகவில்லை என்று.

"யூ ஹாவ் டு கோ" என்றாள் மகள். "லைசென்சுக்கு இல்லை அப்பா. கண்ணுக்கு. எவ்வளவு மிச்சம் இருக்கெண்டு பாக்கோணும். இருக்கிறதைக் காப்பாத்தோணும்."

"எனக்குக் கண் லைசென்சுக்குத்தான், பிள்ளை."

"அப்ப என்னைப் பாக்கத் தேவையில்லையோ?"

அவன் அவளை நேரே பார்த்தான். நேரே பார்ப்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். "நீ வடிவாத் தெரியிறாய்" என்றான். "ட்ரக் ஓடுறவனுக்கு நேர தெரிஞ்சாப் போதாது."

தங்கச்சி காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பார்க்கட்டும் என்று சொன்னவள் அவள்தான். பார்த்துவிட்டான். இனி டொக்டரைக் குறை சொல்லமாட்டான், மெஷினையும் சொல்லமாட்டான். அது நடந்துவிட்டது, நினைத்தபடியே. அவள் முகத்தில் அதற்கான ஆறுதல் ஒன்றையும் நான் காணவில்லை. குழாயைச் சுருட்டி, பிரித்து, திரும்பச் சுருட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அவன் போகவில்லை. அதற்குப் பிறகு மகள் எடுத்த நாட்களுக்கும் போகவில்லை. சொட்டு மருந்தைத் தங்கச்சி அவனைப் பிடித்து வைத்துக் கண்ணில் விட்டால் விட்டுக்கொள்வான், தானாகக் கேட்பதில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

நாங்கள் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை யூனியன்வில் அண்ணை தனியே முன்னால் போய்விட்டார். ஜீப்பை மகள் ஓட்டினாள். அவன் அவளுக்குப் பக்கத்தில், நானும் தங்கச்சியும் பின்னால். நல்ல வெயில். மற்ற வாரங்களில் காட்டிலிருந்து திரும்பும்போது அவன் வாய் ஓயாது. எந்த இடத்தில் பொலிஸ் ஒளித்து நிற்பான், எந்த இறக்கத்தில் ஒருமுறை மான் பாய்ந்தது, எந்தக் கடையில் கோப்பி பழையது, எல்லாம் வரும். அன்றைக்கு ஒன்றுமில்லை. எதிரே ட்ரக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது ஜீப் ஒருமுறை குலுங்கியது. மகள் பாட்டுப் போட்டாள், பிறகு தானே நிறுத்தினாள்.

வலப்பக்கமாகப் பெரிய பச்சைப் பலகை ஒன்று, ஊரின் பெயரும் தூரமும் எழுதியது, வந்து போனது. அது போன பிறகு அவன் கேட்டான்.

"இப்ப எவடத்தில வாறம்?"

நாங்கள் அறிந்த காலத்தில் அவன் யாரிடமும் கேட்காத கேள்வி. மற்றவர்கள்தான் அவனிடம் கேட்பார்கள். வழி தவறினவர்கள் வேலை நேரத்திலும் தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள், அவன் சஸ்கச்சுவானில் இருந்துகொண்டு மார்க்கம் நகரில் எந்தச் சிக்னல் வெளிச்சத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லுவான்.

மகள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்குமுன் தங்கச்சி முன்னுக்குச் சாய்ந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"வீட்டுக்குக் கிட்ட வந்திட்டம். நீங்கள் கொஞ்சம் படுங்கோ."

நாங்கள் லின்சேயைக்கூட இன்னும் தாண்டவில்லை, வீட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவன் அதை நம்பி, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டான்.